தலைக்கட்டு வரி

போன வைகாசியில் எங்கள் ஊர் மாரியம்மன் பொங்கலுக்குத் தலைக்கட்டுக்கு 3,000 ரூபாய் வரி போட்டார்கள். சாத்தூருக்குக் கிழக்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிற சின்ன ஊர் அது. கோயில் முன்னால் வேப்பமரத்தடியில் ஊர்க்கூட்டம். மேளம், பந்தல், மைக் செட், கரகாட்டம், கிடாய், பூசாரிக்குத் துணிமணி என்று செலவு ஒவ்வொன்றையும் வாசித்து, மொத்தத்தை 143 தலைக்கட்டால் வகுத்தார்கள். ஒவ்வொரு பெயராக வாசிக்க, ஆட்கள் எழுந்து போய்ப் பணத்தைக் கொடுத்தார்கள்.

கடைசி வரை என் வீட்டுப் பெயர் வரவில்லை. நானாக எழுந்து போய்ப் பணத்தை நீட்டினேன். கணக்கு எழுதுகிறவர் எனக்குச் சித்தப்பா முறை. நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, ரொம்பக் கனிவாகத்தான் கேட்டார்.

“தாயி, இதை நன்கொடையா எழுதிக்கவா?”

“வரியா எழுதுங்க சித்தப்பா.”

“வரியா எழுத முடியாதே தாயி. ஆம்பளை இல்லாத வீடுல்ல.”

சுற்றி இருந்தவர்களில் யாரும் சிரிக்கவில்லை. யாருக்கும் என் மேல் கோபமும் இல்லை. மழை பெய்தால் நனையும் என்பதைப் போல ஒரு தகவலைச் சொன்னார், அவ்வளவுதான். நான் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். 20 வருடமாகக் கல்லூரியில் சமயச் சமூகவியல் பாடம் எடுக்கிறவள் நான். கரும்பலகையில் எழுதிய எதுவும் இந்த ஒரு வாக்கியம் மாதிரி எனக்குள் இறங்கியதில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஓர் ஆண் கல்யாணம் முடித்ததும் தனித் தலைக்கட்டு ஆகிறான். அந்த வருஷப் பொங்கலுக்கு வெற்றிலை பாக்கோடு கூட்டத்துக்கு வந்து பெயரைப் பதிந்துகொள்வான். அன்றிலிருந்து அவனுக்கு வரி உண்டு. கூட்டத்தில் பேச்சு உண்டு. நாலு மகன்கள் கல்யாணம் முடித்திருந்தால் ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் நாலு வரி. கணவன் செத்துப்போனால் அந்த வீடு அரை வரி வீடாகிவிடும். மகன் கல்யாணம் முடிக்கிறவரை அரை வரி. மகன் இல்லையென்றால், அந்தப் பெண் சாகிறவரை அரை வரி, அதற்கப்புறம் பெயரை அடித்துவிடுவார்கள். பெண்பிள்ளையைக் கட்டிக்கொடுத்த ஊரில் எண்ணிக்கொள்வார்கள் என்பது கணக்கு. கட்டிக்கொள்ளாத பெண்ணை எங்கே எண்ணுவது என்று அந்த நோட்டுக்குத் தெரியாது.

அப்பா 1993இல் இறந்தார். அம்மா 28 வருடம் அரை வரி கட்டினாள். 2021இல் அவளும் போய்ச் சேர்ந்தாள். நான்தான் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறேன், வீட்டு வரி கட்டுகிறேன், மின் கட்டணம் கட்டுகிறேன். பஞ்சாயத்து ரசீதில் என் பெயர் இருக்கிறது. அம்மன் நோட்டில் இல்லை.

அரை வரிக்கு அரைக் கூறு. பொங்கல் மறுநாள் கிடாய் வெட்டி, கறியைப் பனையோலைப் பாயில் தலைக்கட்டுக்கு ஒன்றாகக் கூறு வைப்பார்கள். ஈரல் ஒரு துண்டு, குடல் ஒரு துண்டு, எலும்பு ஒரு துண்டு என்று எல்லாக் கூறும் ஒன்றுபோல இருக்கவேண்டும். இதில் எங்கள் ஊர்க்காரர்கள் தராசுகூட வைக்க மாட்டார்கள், கண்ணாலேயே நிறுத்துவிடுவார்கள். 80 ஏக்கர்க்காரனுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவனுக்கும் ஒரே கூறு. அப்பா போன பிறகு நான்தான் தூக்குவாளி எடுத்துக்கொண்டு போவேன். எங்கள் கூறு பாயின் ஓரத்தில் சின்னதாகத் தனியே இருக்கும். அதை யாரும் காட்டித் தரவேண்டியதே இல்லை. எனக்கே தெரியும், அது எங்களுடையது என்று.

வில்லியம் ராபர்ட்சன் ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் 1889இல் ஒன்றைச் சொன்னார். பலி என்பது கடவுளுக்குக் கொடுக்கிற லஞ்சமாகத் தொடங்கவில்லை, கடவுளும் மனிதர்களும் சேர்ந்து உண்கிற விருந்தாகத் தொடங்கியது, ஒரே இறைச்சியை உண்டவர்கள் ஒரே உறவாகிறார்கள் என்பது அவர் வாதம். இதை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் என் கண்ணுக்குள் அந்தப் பனையோலைப் பாய்தான் வரும். பாயின் ஓரத்துச் சின்னக் கூறும் வரும்.

உலகத்தில் எல்லா வரியையும் கட்டாமல் தப்பிக்கத்தான் மனிதன் வழி தேடுகிறான். கோயில் வரி ஒன்றைத்தான், ‘என்னிடம் வாங்கு’ என்று சண்டை போட்டுக் கட்டுகிறான். தென்மாவட்டங்களில் ஒருவனை ஊரைவிட்டு ஒதுக்கிவைக்க வேண்டுமென்றால் அடிக்கவேண்டியதில்லை, வரி வாங்காமல் விட்டால் போதும். வரி இல்லை என்றால் கூறு இல்லை, முளைப்பாரி இல்லை, சாமி ஊர்வலம் அந்த வாசலில் நிற்காது, அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு ஆள் வராது. வரி வாங்க மறுக்கிறார்கள் என்ற புகார் வட்டாட்சியர் அலுவலகங்களுக்கும் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கும் போவது எங்கள் பக்கத்தில் புதிதில்லை. பணம் கொடுக்கிறேன் என்று ஒருவன் நீதிமன்றப் படியேறுகிறான் என்றால், அவன் கையில் இருப்பது வெறும் பணமாக இருக்க முடியாது.

எமில் துர்க்கைம் இதைப் புரிந்துகொண்டிருப்பார். பிரான்சின் எப்பினால் நகரத்தில் 1858இல் யூத மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்தவர். தகப்பன் வழியில் போகாமல், சமயத்தை ஆராய்கிறவராக ஆனார். 1912இல் வெளிவந்த அவருடைய பெரிய நூல், மத்திய ஆஸ்திரேலியாவின் பழங்குடிகளைப் பற்றியது. அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போனதே இல்லை. ஸ்பென்சர், கில்லன் என்ற இருவர் அங்கே கண்டு எழுதியதைப் படித்துத்தான் எழுதினார். அந்த மக்களின் வருஷம் இரண்டாகப் பிரிகிறது. பெரும்பகுதி நாள் சின்னச் சின்னக் கூட்டமாகச் சிதறி இரை தேடுகிறார்கள். பிறகு ஓரிடத்தில் கூடுகிறார்கள். கூடியதும் கொட்டு, ஆட்டம், தீ, கூச்சல். தனி ஆளாக இருந்தபோது இல்லாத ஒரு வேகம் ஒவ்வொருவருக்குள்ளும் ஏறுகிறது. தன்னைத் தூக்கிச் செல்கிற அந்தச் சக்தி வெளியிலிருந்து வருவதாக மனிதன் உணர்கிறான், அதற்குச் சாமி என்று பெயர் வைக்கிறான், உண்மையில் அது கூடியிருக்கிற கூட்டத்தின் சக்திதான் என்கிறார் துர்க்கைம். சுருக்கமாகச் சொன்னால், சமூகம் தன்னைத்தானே கும்பிட்டுக்கொள்கிறது.

எங்கள் ஊரை வைகாசியில் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். 11 மாதம் அந்த ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். இளந்தாரிகள் திருப்பூரில், சென்னையில், வளைகுடாவில். மீதிப்பேர் சிவகாசி, சாத்தூர் வேலைக்குக் காலை வேனில் போய் இருட்டித் திரும்புகிறவர்கள். தெருவில் கிழவிகளும் ஆடுகளும்தான். சாமி சாட்டிக் காப்புக் கட்டியதும் ஒவ்வொரு வீடாகத் திறக்கும். முளைப்பாரி போட்ட வீட்டில் ராத்திரிக்கு ராத்திரி கும்மிச் சத்தம். செவ்வாய்க்கிழமை அக்கினிச்சட்டி புறப்படும்போது உறுமியும் தவிலும் சேர்ந்து ஏறும். சாமியாடிக்கு உடம்பு முறுக்கி எழும்பும். நான் அவ்வளவு பக்தியானவள் இல்லை. ஆனாலும் அந்த நிமிஷத்தில் என் கையில் ரோமம் குத்திட்டு நிற்காமல் இருந்த ஒரு வருஷம்கூட இல்லை. கண் நிறைந்துவிடும். துர்க்கைமைப் படித்த பிறகும் நிறைகிறது. ஏன் நிறைகிறது என்று தெரிந்ததால் அது குறையவில்லை.

அதே நூலில் இன்னொரு செய்தியும் உண்டு. அந்தப் பழங்குடிகளின் புனிதங்களில் முதன்மையானது ‘சுருங்கா’ என்ற, குறி பொறித்த கல் அல்லது மரத்துண்டு. குலத்தின் உயிரே அதில் இருப்பதாக நம்பினார்கள். பெண்களும், தீட்சை பெறாத பையன்களும் அதைத் தொடக்கூடாது, கிட்டத்தில் பார்க்கவும் கூடாது. துர்க்கைம் இதைக் குறிப்பிட்டுவிட்டு, புனிதம் எப்படி விலக்கி வைக்கப்படுகிறது என்பதற்கு உதாரணமாக எடுத்துக்கொண்டு மேலே போய்விடுகிறார். முதுகலை படித்த காலத்தில் நானும் அவரோடு மேலே போய்விட்டேன். வேப்பமரத்தடியிலிருந்து திரும்பி வந்த அந்த ராத்திரிதான் மறுபடி எடுத்துப் பார்த்தேன். சமூகம் தன்னைத்தானே கும்பிடுகிறது என்றால், அந்தத் ‘தன்னை’யில் யார் யார் இருக்கிறார்கள்? பாதிப்பேர் பார்க்கவே கூடாத ஒன்றை எப்படி எல்லாருடைய உயிர் என்று சொல்வது?

விடுமுறை முடிந்து வந்ததும் முதல் வகுப்பில் பாடத்தை மூடி வைத்துவிட்டுப் பிள்ளைகளிடம் கேட்டேன்: உங்கள் ஊரில் கோயில் வரி யாருக்கு, யாருக்கு இல்லை?

அந்த ஒரு மணி நேரம் நான் பேசவே இல்லை, எழுதிக்கொண்டுதான் இருந்தேன். ஒரு பெண் சொன்னாள், தன் ஊரில் விதவைக்கு வரியே கிடையாது, பாவம் என்று விட்டுவிடுவார்கள், கூறு மட்டும் இரக்கப்பட்டுக் கொடுப்பார்கள் என்று. இன்னொருவன் ஊரில் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவருக்கு வரி இல்லை. 30 வருஷமாக அந்த ஊரிலேயே விவசாயம் பார்த்தாலும் அவர் விருந்தாளிதான். உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன், எந்த நாட்டில் போய் இருந்தாலும் குலசாமி கோயில் வரி வந்துவிடும், சிங்கப்பூரிலிருந்து அவன் மாமா அனுப்புகிறார் என்றான். ஒருத்தியின் அக்கா வேறு சாதியில் கல்யாணம் முடித்துக்கொண்டாள். மறு வருஷம் அவள் அப்பாவிடம் வரி வாங்கவில்லை. அந்த மனுஷர் நோய்நொடி இல்லாதவர். அந்தப் பொங்கலுக்கப்புறம் வீட்டைவிட்டு இறங்கவே இல்லை என்றாள். சொல்லி முடிக்கும்போது அவள் குரல் கம்மிவிட்டது. எங்கோ கிழக்குக் கடற்கரை ஊரிலிருந்து வந்த முஸ்லிம் மாணவி, எங்கள் ஜமாஅத்திலும் இதே கதைதான் மேடம், சந்தா நோட்டில் பெயர் இருந்தால்தான் நிக்காஹ் பதிவு, மையத்தாங்கரையில், அதாவது அடக்க நிலத்தில், இடம் என்றாள். கிறிஸ்தவப் பிள்ளைகள் பங்கு வரி, சங்கக் காணிக்கை என்று சொன்னார்கள்.

சாமி மாறுகிறது. நோட்டு மாறவில்லை.

வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு ஒரு பையன் மட்டும் நின்றான். ஒரு மணி நேரமும் வாய் திறக்காமல் இருந்தவன். “எங்க தெருவுக்கு வரி கேட்டு யாரும் வந்ததே இல்ல மேடம்” என்றான். “கொட்டடிக்கச் சொல்லி வருவாங்க. அவ்வளவுதான்.”

என்னைப் பற்றி நினைத்து நினைத்து ஒரு மாதமாக வெந்துகொண்டிருந்தவள், அப்போதுதான் எங்கள் ஊர்க் கீழத்தெருவை நினைத்தேன். அதை நினைக்க எனக்கு ஒரு மாணவன் வந்து சொல்லவேண்டியிருந்தது. இந்த இடத்தை நான் மறைக்க விரும்பவில்லை.

ஆய்வாளர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1961, 62இல் தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தங்கி ஆராய்ந்தார். ‘ஸ்ரீபுரம்’ என்று பெயரை மாற்றி எழுதினார். சாதியும் நிலமும் அதிகாரமும் ஒன்றைவிட்டு ஒன்று எப்படி விலகத் தொடங்குகின்றன என்று காட்டிய அருமையான வேலை. அவருக்குத் தங்க இடம் கிடைத்தது அக்ரஹாரத்தில். அங்கே தங்கியதால் மற்றத் தெருக்களுக்கு, அதிலும் சேரிக்கு, அவரால் இஷ்டத்துக்குப் போய்வர முடியவில்லை. அதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். எந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறோமோ அந்தத் திண்ணையிலிருந்து தெரிகிற ஊர்தான் நமக்கு ஊர்.

எங்கள் வட்டாரத்தின் பெரிய கதை கமுதிக் கதை. கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் 1897இல் நாடார்கள் சிலர் நுழைந்து வழிபட்டார்கள். கோயிலின் பரம்பரை அறங்காவலரான ராமநாதபுரம் சேதுபதி வழக்குப் போட்டார். மதுரை நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றம், கடைசியில் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்கு 1908இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. இடையில் 1899இல் சிவகாசி பற்றி எரிந்தது. ஒரு கோயில் வாசலைத் தாண்டுவதற்காக ஒரு சமூகம் 11 வருஷம் வழக்கு நடத்தியிருக்கிறது. கும்பிடத் தங்களுக்கென்று கோயில் இல்லாமலா? விருதுநகரிலும் சிவகாசியிலும் அவர்களுடைய அம்மன் கோயில்கள் இருந்தன. சரக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று ‘மகமை’ பிடித்து, அந்தப் பொதுப்பணத்தில் கோயிலோடு சத்திரமும் கிணறும் பள்ளிக்கூடமும் கட்டியவர்கள். விருதுநகரில் வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து நடத்திய சத்திரிய வித்யாசாலையில்தான் காமராசர் படித்தார். ஆக, சொந்தச் சாமியும் சொந்தக் காசும் சொந்தப் பள்ளியும் இருந்தும் அந்த வாசல் வேண்டியிருந்தது. அந்த வாசல்தான் ‘நீ யார்’ என்று ஊர் முன்னால் எழுதி ஒட்டியிருந்த பலகை.

1939 ஜூலை 8ஆம் தேதி மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் நுழைந்தவர்களில் பின்னாளில் அமைச்சரான கக்கன் முதலான தாழ்த்தப்பட்டோர் ஐவரும் நாடார் ஒருவரும் இருந்தார்கள். கமுதியில் முடியாதது மதுரையில் நடந்தது. அதற்குப் பிறகு சட்டமே வந்துவிட்டது. ஆனாலும் 2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தலித்துகள் உள்ளே போவதில் எழுந்த சண்டைக்காகத் திரௌபதி அம்மன் கோயிலையே அதிகாரிகள் பூட்டி முத்திரை வைக்கவேண்டி வந்தது. ஒரு காலத்தில் வாசலில் தடுக்கப்பட்டவர்கள் பின்னாளில் வாசலில் நின்று தடுத்த ஊர்களையும் நான் அறிவேன். திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய மாதா கோயில், பீடத்திலிருந்து இரண்டு கால் மாதிரிப் பிரிந்து போகும். ஒரு காலில் ஒரு சாதி, மறு காலில் இன்னொரு சாதி, நடுவில் தடுப்பு. பீடத்தில் நிற்கிற குருவானவர் இரண்டு பக்கத்தையும் பார்க்கலாம். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தடுப்பை இடித்தார்கள். கட்டடத்தின் வடிவம் அப்படியே இருக்கிறது.

விலக்கி வைப்பது சமயத்தின் உரிமையா, குற்றமா என்பதில் நம் நீதிமன்றமே இன்னும் முடிவுக்கு வரவில்லை. யாரையும் சமூக விலக்கம் செய்யக்கூடாது என்று பம்பாய் மாகாணம் 1949இல் சட்டம் போட்டது. தாவூதி போரா முஸ்லிம்களின் தலைமை குரு அதை எதிர்த்து வழக்காடினார். 1962இல் உச்ச நீதிமன்ற அமர்வின் பெரும்பான்மை, சமயக் காரணத்துக்காக உறுப்பினரை நீக்குவது சமயப் பிரிவின் உரிமை என்று சட்டத்தைத் தள்ளியது. தலைமை நீதிபதி பி.பி. சின்ஹா மட்டும் மாறுபட்டார். விலக்கப்பட்டவன் பள்ளிவாசலை மட்டும் இழப்பதில்லை, அடக்க நிலத்தையும் இழக்கிறான், அவனைத் தீண்டத்தகாதவன் ஆக்குவதற்குச் சமம் இது என்ற கவலை அவருக்கு. அந்தத் தீர்ப்பு சரியா என்று பார்க்க, 2023 பிப்ரவரியில் கேள்வியை 9 நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். 2015இல் திருத்திய வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தலித், பழங்குடி மக்கள் மீதான சமூகப் புறக்கணிப்பு குற்றம். 2016இல் மகாராஷ்டிரம் எல்லாருக்குமாக ஒரு தனிச்சட்டம் செய்தது. நம் மாநிலத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இவ்வளவும் எழுதினால், சமயமே வேண்டாம் என்று நான் சொல்வதாக ஒருவர் நினைக்கலாம். அம்மாவை வைத்துத்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். அப்பா செத்தபோது எனக்கு 16 வயது. அம்மா ஆறு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த வைகாசிக்கு, பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து, “ஏட்டி, அம்மனுக்கு மாவிளக்கு யார் இடிக்கிறது?” என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள். அன்று உரலில் விழுந்த முதல் உலக்கையோடுதான் அம்மா திரும்பி வந்தாள். மார்க்ஸ் 1840களில் சமயத்தை அபின் என்றார். அது எல்லாருக்கும் தெரியும். அதற்கு முந்தின வரியில், சமயம் ஒடுக்கப்பட்ட ஜீவனின் பெருமூச்சு, இதயமில்லாத உலகின் இதயம் என்றும் சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் அபின் ஏழைக்குக் கிடைத்த வலி மருந்தும்கூட. அம்மாவுக்கு அந்த மருந்தைக் கொடுத்த அதே கோயில்தான் அவளை அரையாக எழுதியது. கொடுத்த கையும் எழுதிய கையும் வேறு வேறு என்று நான் சொல்லமாட்டேன். ஊர் என்ற ஒரே உடம்பின் கைகள்தான் அவை.

ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் சொன்னது ஒன்றும் சித்தப்பாவைப் பார்க்கும்போது நினைவுக்கு வரும். நல்லபடியாக இருக்கிறவனுக்கு நல்லபடியாக இருப்பது மட்டும் போதாது, அது தனக்கு உரியதுதான் என்று உறுதியும் வேண்டியிருக்கிறது, சமயம் அதைக் கொடுக்கிறது என்றார் அவர். சித்தப்பாவுக்குத் தலையில் பரிவட்டம் கட்டும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். ஆணவம் அதில் இல்லை. அம்மனே கட்டுகிறாள் என்று மனசார நம்புகிறார். அதனால்தான் அவரிடம் பேசுவது கடினம்.

ஆவணியில் கீழத்தெருவுக்குப் போனேன். அங்கே மூத்தவர் ஒருவர். சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் வீட்டில் எல்லாரும் அழைத்த மாதிரி நானும் அவரைப் பேர் சொல்லி ‘வா, போ’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அன்று “அய்யா” என்றேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டார்.

நான் வந்த காரியத்தைச் சொன்னதும் அவசரப்படாமல் பதில் சொன்னார். “நாங்க கேட்டோம் டீச்சரம்மா. 96ல. எங்கய்யா 38 வீட்டுப் பணத்தையும் துண்டுல முடிஞ்சு எடுத்துக்கிட்டுக் கூட்டத்துக்குப் போனாரு. தூரத்துல நிக்கவச்சே பேசி அனுப்பிட்டாங்க. அந்தத் துண்டுப் பணத்துலதான் இந்தக் காளியம்மன் பீடம் கட்டுனது. அதுக்கப்புறம் நாங்க அங்க கொட்டடிக்கப் போறதில்ல.” வாசலுக்கு எதிரே கோயில் தெரிந்தது. ஓடு போட்ட சின்னக் கட்டடம், சுவரில் புதுப் பெயின்ட்.

“இப்பக் கேட்டா வரி குடுப்பீங்களாய்யா?”

“குடுக்கிறதா வேண்டாமான்னு எங்க தெரு கூடிப் பேசும். அது எங்க இஷ்டம். ஆனா வந்து கேக்கணும்ல. கேக்க வேண்டியது உங்க ஆளுக.”

அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டுதான் மனு எழுதினேன். இரண்டே கோரிக்கை. பெண் பெயரில் இருக்கிற வீட்டுக்கும் முழு வரி, முழுக் கூறு, கூட்டத்தில் இடம். இரண்டாவது, ஊர்ப் பெரியவர்கள் கீழத்தெருவுக்கு நேரில் போய், அடுத்த பொங்கலுக்கு வரி கேட்கவேண்டும். ஊரில் அரை வரி கட்டுகிற ஆறு பெண்களிடம் கையெழுத்துக் கேட்டேன். மூன்று பேர் முதல் கோரிக்கைக்கு மட்டும் என்றால் போடுகிறேன் என்றார்கள். இரண்டு பேர், ஊர்ப் பேச்சுக்குப் பயந்து, வேண்டாம் என்றார்கள். அம்மாவை மாவிளக்கு இடிக்க இழுத்துப் போன பெரியம்மா மட்டும், 82 வயதில், இரண்டுக்கும் சேர்த்துக் கைநாட்டு வைத்தாள். “எனக்கு என்னட்டி பயம், எல்லாம் பாத்தாச்சு” என்றாள்.

சித்தப்பா மனுவை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மொதல்ல இருக்கிறதை நான் பேசி முடிச்சுத் தர்றேன் தாயி. எனக்கும் உங்கம்மா அரைக் கூறு வாங்கிட்டுப் போறதைப் பாத்து மனசு கஷ்டப்பட்டிருக்கு. ரெண்டாவதை மட்டும் எடுத்துரு.”

“எடுக்க மாட்டேன் சித்தப்பா.”

“எடுக்கலைன்னா ரெண்டும் நடக்காது.”

“தெரியும்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். வெளியே வேன் வந்து நின்று, சிவகாசி வேலைக்குப் போனவர்கள் இறங்கினார்கள். உள்ளே சித்தி காபி ஆற்றுகிற சத்தம். மனுவைத் திருப்பிக் கொடுப்பார் என்று கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. நாலாக மடித்து, வரி நோட்டைத் திறந்து, 143ஆவது பெயருக்குக் கீழே வெறுமையாக இருந்த பக்கத்தில் வைத்து மூடினார்.

“தை பிறக்கட்டும். கூட்டத்துல வச்சுப் பேசுவோம்” என்றார்.